சுச்சி கொண்டுவந்த சேதி

23 ஜூன் 2025, திங்கள்

திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. திருத்தணியில் ஏறினால் அரக்கோணம் வருவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடலாம். வீட்டுக்குப் போய்விட்டால் குக்கர், துணி, இவருடைய டிபன் பாக்ஸ் – எழுத்தாவது கிழுத்தாவது.

இன்று பத்துக் கட்டு. ஆளுக்கு ஒரு கை ஈர்க்குச்சி, ஒரு ரப்பர் பேண்ட். பத்தாகக் கட்டினால் ஒரு கட்டு, மிச்சம் ஒன்றுகள். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் ஒரே அறையில், மொத்தம் பத்தொன்பது பேர். எழிலன் மட்டும் எல்லாக் கட்டிலும் பதினொன்று வைத்திருந்தான். ஏன்டா என்றால், "ஒண்ணு ஒடஞ்சா கூட பத்து இருக்கும்ல மிஸ்" என்கிறான். இவனுக்கு எந்த மதிப்பெண் போடுவது? சிரித்துவிட்டேன்.

போட்டோவை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாற்பத்திரண்டு கட்டைவிரல், ஆறு கைதட்டல். எண்ணவில்லை என்று எழுதினால் பொய்.

சத்துணவு அறைக்குச் சேதி சொல்ல இன்றும் சுச்சிதான். இரண்டாம் வகுப்பு சுசித்ரா. சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் சுதாகரின் மகள். வீட்டில் தெலுங்கு, இங்கே தமிழ், இரண்டிலும் ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். "பதினெட்டு பேரு, ஒருத்தருக்கு முட்டை வேணாம்" என்று சொல்லி அனுப்பினால் சமையல் ஹமீதுன்னிசா அக்காவிடம் அது அப்படியே போய்விடும். வந்ததும் "சொல்ட்டேன் மிஸ்" என்பாள். ஒரு தடவைதான் சொல்வாள். உடனே தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். பெரியவர்களில் இப்படி ஒருவரை எனக்குத் தெரியாது.

1 ஜூலை, செவ்வாய்

வெண்டைக்காயை வெட்டி அச்சு வைத்தோம். சுவர், சட்டை, ஒருவன் முதுகு என்று எல்லா இடத்திலும் பூ. பாதியில் வண்ணம் தீர்ந்துவிட்டது. அலுவலகத்தில் கேட்டால் அடுத்த பருவத்துக்கு வருமாம். அடுத்த பருவத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு ஆசை இருக்க வேண்டுமே.

சுச்சி எழுந்து, "எங்க நைனா பட்டறைல எல்லா கலரும் கீது மிஸ்" என்றாள். மிச்சம் மீதி இருந்தால் கொஞ்சம் கொடுத்தனுப்பச் சொல் என்றேன். அடுத்த வாரம் உப்பு வண்ணம் செய்யலாம். கல் உப்பில் கலர் கலந்து, இரண்டு கலர் சேர்ந்தால் மூன்றாவது வருகிறதே, அதைப் பார்க்கட்டும்.

4 ஜூலை, வெள்ளி

பாடக்குறிப்பு எழுதி முடித்தேன். "வண்ணங்களைக் கலந்து அறிதல். பொருள்கள்: கல் உப்பு, நீர், டம்ளர், சாயப்பொடி (பெற்றோர் மூலம்)." தலைமை ஆசிரியர் சந்திரமோகன் சார் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் சமையல் குறிப்பு எழுதி நீட்டினாலும் போடுவார்.

8 ஜூலை, செவ்வாய்

ஆஸ்பத்திரி பெஞ்ச். திருத்தணியில் பார்த்துவிட்டு சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். சுச்சியின் வலது கண். உள்ளே வைத்துக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் சத்தம் இங்கே வரை கேட்கிறது. கடவுளே, நான் என்ன செய்துவிட்டேன். எழுத வரவில்லை.

9 ஜூலை, புதன்

முறையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது தலைக்குள் நிற்கட்டும்.

நேற்றுக் காலை பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி கல் உப்பு கொண்டு வந்திருந்தார்கள். சுச்சி பையில் சாயப்பொடி, நாலு சின்னக் கவர். கூடவே காகிதத்தில் சுற்றி, கவர் போட்ட ஒரு வெள்ளைப் பொட்டலம். எல்லாம் என் மேஜை மேல் இருந்தது.

உப்பு குறைந்தது. வெள்ளைப் பொட்டலத்தைப் பிரித்தேன். உடைத்த கற்பூரம் மாதிரி செதில் செதிலாக இருந்தது. வேறு கடை உப்பு போலிருக்கிறது என்று தட்டில் கொட்டினேன். யார் கொட்டியது? நான்.

நாலு பேருக்கு ஒரு டம்ளர். கரண்டியால் அள்ளிப் போட்டு, கலர் போட்டு, தண்ணீர் ஊற்றச் சொன்னேன். சுச்சி குழுவில் மூன்று கரண்டி. "மிஸ், டம்ளர் சுடுது" என்று சந்தோஷமாகக் கத்தினார்கள். எனக்கும் சந்தோஷம். மொபைலை எடுத்துக்கொண்டு ஓடினேன். "கிட்ட வந்து பாரு சுச்சி" என்றேன், அவள் முகம் படத்தில் விழ வேண்டும் என்று. அவள் குனிந்தாள். அது பொங்கித் தெறித்தது.

என் முந்தானையால் துடைத்தேன். துடைக்கக் கூடாதாம், அது எனக்குத் தெரியாது. ஹமீதுன்னிசா அக்கா ஓடிவந்து அவளைக் குழாயடிக்குத் தூக்கிப் போனார். "ஊத்திக்கினே இரு டீச்சர், நிறுத்தாதே" என்றார். அவள் துடித்த துடிப்பைப் பார்த்து நான் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், ஆட்டோ வந்துவிட்டது என்று. அரை மணி நேரம் ஊற்றியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். திட்டிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, தகவலாகச் சொன்னார்.

அது காஸ்டிக் சோடா. சாயப்பட்டறையில் போடுவது.

எழிலனுக்கு விரல் நுனி மட்டும் சிவந்திருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இன்று எழுத மாட்டேன்.

10 ஜூலை, வியாழன்

விடுப்பு.

11 ஜூலை, வெள்ளி

சென்னைக்குப் போய்ப் பார்த்தேன். பாதி முகத்துக்குக் கட்டு. சுதாகர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். என்னைப் பார்த்து, அவர்!

"சாயம்னா காஸ்டிக் இல்லாம ஏறாதே மிஸ். நூலுக்குத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சிகினு அதையும் மடிச்சி அனுப்சேன்" என்றார். பதினைந்து வருடமாகச் சாயம் போடுகிற மனிதர். கலர் கேட்டால் காஸ்டிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கத் தோன்றும். உப்பில் கலந்து விளையாடக் கேட்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் கவனமாகத்தான் இருந்திருக்கிறார். பசங்க தொடக் கூடாது, மிஸ்தான் கரைக்கணும் என்று மகளிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவர் மனைவி தீபா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என் எதிரிலேயே மகளைக் கேட்டாள்.

"நைனா சொன்னத மிஸ்கிட்ட சொன்னியாடி?"

சுச்சி இடது கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாள். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"மறந்துட்டேன்" என்றாள்.

எழுத மாட்டேன் என்றேனே, அது இதுதான். அவள் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை பிரார்த்தனைக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள். மொபைலைப் புத்தக அடுக்கில் சாய்த்து, மேஜை முழுதும் தெரிகிறதா என்று வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரி சரி, மேல வை" என்றேன். காதில் விழுந்தது. விழுந்ததை அடுத்த நிமிடமே விட்டுவிட்டேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். அவ்வளவுதானே? அவ்வளவுதானா?

14 ஜூலை, திங்கள்

சந்திரமோகன் சார் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். கெட்டவர் இல்லை. பயந்தவர். பாடக்குறிப்பில் அந்தப் பக்கத்தை வேறு தாளில் எழுதி ஒட்டச் சொன்னார். சாயப்பொடி வேண்டாம், மஞ்சள் குங்குமம் என்று போடு. அறிக்கையை அவரே தயார் செய்து வைத்திருந்தார்: "மாணவி தன் வீட்டிலிருந்து தானாகக் கொண்டுவந்த பொருளால் நேர்ந்த விபத்து."

"போட்டோ வீடியோ எதனா இருந்தா அழிச்சிடும்மா" என்றார்.

ஆங் என்றேன். அழிக்கவில்லை. போட்டுப் பார்க்கவும் இல்லை. பக்கத்தை எழுதி ஒட்டினேன். கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் அழகு, பயிற்சியில் எல்லோரும் சொல்வார்கள்.

30 ஜூலை, புதன்

பட்டறையில் சுதாகரை நிறுத்திவிட்டார்கள். சரக்கை வெளியே கொடுத்ததற்கு. ஹமீதுன்னிசா அக்கா சொன்னார்.

14 ஆகஸ்ட், வியாழன்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம். பஸ் முழுவதும் காவடி, பூ வாசனை, அரோகரா. ஒற்றைக் காலில் நின்று வந்தேன். எனக்கு இதுவும் வேண்டும்.

சுச்சி திங்களன்று பள்ளிக்கு வந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி. அதைக் கழற்றினால் வலது விழி பால் ஊற்றியது போல் இருக்கிறது. வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதியில்லை என்றார்களாம்.

இன்று பழக்க தோஷத்தில் அவளையே சமையல் அறைக்கு அனுப்பினேன். பதினேழு பேர் என்று சொல். வராந்தா முழுவதும் "பதினேழு பேரு, பதினேழு பேரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். திரும்பி வரும்போது தனியாக வரவில்லை. கரண்டியும் கையுமாக ஹமீதுன்னிசா அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சொல்ட்டேன் மிஸ். நெஜமா சொல்ட்டேன். இவங்கள கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "தெனம் வூட்லயும் இப்டித்தானாம் டீச்சர். கடைக்கி அனுப்சா கடைக்காரரையே கூட்டிகினு வருதாம்" என்றார்.

ஏழு வயதுப் பிள்ளை சாட்சி தேடிக்கொண்டு அலைகிறது. சாட்சி நான்.

4 செப்டம்பர், வியாழன்

வட்டார அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்று "சொன்னபடி செய்" விளையாட்டு வைத்தேன். ஒரு பிள்ளை திரைக்குப் பின்னால் நின்று சொல்ல வேண்டும்: சிவப்புக் கட்டையை வை, அதன் மேல் மூடியை வை. மற்றவர்கள் அப்படியே அடுக்க வேண்டும். சுச்சியைச் சொல்லக் கூப்பிட்டேன்.

"நா வேணாம் மிஸ். நா மறந்துடுவேன்."

"ஆமா மிஸ், அது மறந்துடும். அதனாலதான் கண்ணு போச்சி" என்றான் எழிலன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. ஊரில் பேசுவதைச் சொல்கிறான்.

மதியம் எல்லோரும் கை கழுவப் போனபோது அவளைத் தனியாக உட்காரவைத்தேன். அன்னிக்கு நீ என்கிட்ட சொன்னே இல்ல சுச்சி, வெள்ளைப் பொட்டலம் பத்தி, என்று கேட்டேன். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன், அல்லது அழுவாள் என்று. இரண்டும் இல்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் சொன்னாள்.

"இல்ல மிஸ். நா மறந்துட்டேன்."

அவள் எனக்காகப் பொய் சொல்லவில்லை. நம்பிவிட்டாள். இரண்டு மாதமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி, நான் சும்மா இருந்து இருந்து, தான் சொன்னதையே அவள் மறந்துவிட்டாள். கண்ணை எடுத்தது காஸ்டிக். இதை எடுத்தது நான்தான், முழுக்க முழுக்க நான்.

கண்ணை என்னால் திருப்பித் தர முடியாது. இதை முடியும்.

ரயிலில் அந்த வீடியோவைப் போட்டேன். நாற்பது விநாடி. மேஜை, உப்பு, என் வளையல் கை. அவள் குரல். ஒரு சொல் சிந்தவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

இவரிடம் காலையில்தான் சொன்னேன். ரயில்வேயில் இருபது வருடம் ஆபீஸ் நடைமுறை பார்த்த மனிதர். "எல்லாம் அடங்கின பெறகு நீயே போயி மாட்டிக்கறியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை கூட வந்தார்.

சுதாகர் இப்போது லோடு ஏற்றப் போகிறார். தோளில் துண்டு, உள்ளங்கையில் பழைய நீலம் இன்னும் போகவில்லை. நாற்காலி போட்டார்கள். தீபா டீ வைக்கப் போனாள். வேண்டாம், முதலில் கேளுங்கள் என்றேன். நாற்காலியில் உட்காராமலே சொன்னேன். அவள் சொன்னாள், நான் கேட்டேன், நான்தான் கொட்டினேன், ஆஸ்பத்திரியில் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரயிலில் மனப்பாடம் செய்தது இதைவிட நீளம். வந்தது இவ்வளவுதான்.

மொபைலை சுச்சி கையிலேயே கொடுத்தேன்.

"மிஸ், நைனா சொன்னாரு, வெள்ள பொட்டலத்த பசங்க தொடக் கூடாதாம். மிஸ்தான் கரைக்கணுமாம்." பிறகு என் குரல். "சரி சரி, மேல வை."

அவள் மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். இடது கண்ணைத் திரைக்கு மிகக் கிட்டே வைத்துக்கொண்டு.

"நா சொல்லிகீறேன் நைனா" என்றாள்.

சுதாகர் அவளைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் மகளிடம் சரியாகப் பேசவில்லை என்று அக்கா சொல்லியிருந்தார். "ஆங், சொல்லிகீற" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு பெரிய ஆள், அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

தீபாதான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எம் பொண்ண எத்தினி வாட்டி அடிச்சேன் தெரியுமா, மறந்துட்டியேன்னு. கண்ணுல கட்டு போட்டுகினு கீது, அப்பவும் அடிச்சேன். நீ பாத்துகினு இருந்தல்ல. போய்டு மிஸ். எதனா பேசிடப் போறேன்."

வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவுக்கு நிற்கத் தோன்றவில்லை. பஸ் நிற்கும் கண்டிகை வரை நடந்தேன். இதில் மனசு லேசாகும் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஆகவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம் கொடுத்தேன். ஒட்டிய தாளைப் பிரித்து, அடியில் இருந்த பழைய பாடக்குறிப்பையும் நகல் எடுத்து வைத்தேன். வீடியோவும் கொடுத்தேன். சுதாகர் மீது தவறில்லை என்று பட்டறை முதலாளிக்குத் தெரியும்படி எழுதித் தரவும் கேட்டிருக்கிறேன். சந்திரமோகன் சார், "என்னையும் சேத்து முடிச்சிட்டியேம்மா" என்றார். ஆமாம் சார். மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

17 அக்டோபர், வெள்ளி

தற்காலிகப் பணிநீக்கம். ஆணை கைக்கு வந்தது. ஆசிரியர் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் ஒன்றுமில்லை.

11 நவம்பர், செவ்வாய்

வீட்டு அலமாரியில் ஈர்க்குச்சிக் கட்டு ஒன்று கிடந்தது. எழிலன் கட்டியது. எண்ணினேன். பதினொன்றும் இருக்கிறது.

3 டிசம்பர், புதன்

விசாரணைக்கு விளக்கம் கொடுக்கத் திருத்தணி போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து கொடுத்தேன். வெளியே மழைத் தூறல். பஸ் நிலையத்துக்குள் ஒதுங்கினேன்.

எதிர்க் கடையோரம் சுதாகரும் சுச்சியும். கண் டாக்டரிடம் போய்வருகிறார்கள் போல, கையில் ஆஸ்பத்திரியில் தரும் அந்தப் பெரிய கவர். பட்டறையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அக்கா போனில் சொல்லியிருந்தார். சுதாகர் என்னைப் பார்த்துவிட்டார். எனக்குக் கால் அவர்கள் பக்கம் போகப் பார்த்தது. என்ன கேட்கப் போகிறேன்? கண் எப்படி இருக்கிறது என்றா? இரண்டு அடி வைத்தும்விட்டேன்.

அவர் குனிந்து மகள் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். குட்டையைச் சுற்றிக்கொண்டு, தலையை வலப் பக்கம் திருப்பித் திருப்பிப் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, என்னிடம் வந்தாள். வாய் எதையும் முணுமுணுக்கவில்லை.

"மிஸ், நைனா சொன்னாரு. இனிமே எங்கள எங்க பாத்தாலும் பேச வர வேணாமாம்."

ஒரு தடவைதான் சொன்னாள். மாற்றிச் சொல்லவில்லை, இழுக்கவில்லை, யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை.

பையைக் கீழே வைத்தேன். அவள் உயரத்துக்குக் குனிந்து, அவள் முகத்தைப் பார்த்து, அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். "இனிமே உங்கள எங்க பாத்தாலும் பேச வரக் கூடாது. கேட்டுக்கிட்டேன் சுச்சி."

அவள் திரும்பி நடந்தாள். அப்பாவிடம் போய், "சொல்ட்டேன்" என்றாள்.

அவர் "ஆங்" என்றார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கவரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் கண்டிகை பஸ்ஸில் ஏற்றினார்.